செயற்கைக் கால், பிரேஸ் செய்யும் படிப்பு: எந்த வழியாக நுழைவது?

செயற்கைக் கை, கால்களையும் காலிபர், பிரேஸ் போன்ற தாங்கு கருவிகளையும் வடிவமைத்துப் பொருத்தும் துறைக்குள் நுழைய நான்கு வழிகள் உண்டு. பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு, மூன்றாண்டு டிப்ளமா, பட்டறைத் தொழில்நுட்பர் பயிற்சி, அப்புறம் பிசியோதெரபியோ பொறியியலோ முடித்துவிட்டு முதுகலை வழியாக வருவது. எது உசத்தி என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். புதுக் கால் போட்டுக்கொண்டு போனவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்து ‘இந்த இடத்தில் உரசுது’ என்கிறார். அவருக்குப் பதில் சொல்லும் ஆளாக இருக்க ஆசையா, எஞ்சிய கால் உள்ளே போய் உட்காரும் கிண்ணமான அந்தச் சாக்கெட்டைக் கச்சிதமாகச் செய்து கொடுக்கும் ஆளாக இருக்க ஆசையா? இரண்டுமே மதிப்பான வேலை. ஆனால் இரண்டுக்கும் படிப்பு வேறு, பொறுப்பு வேறு, பிற்காலத்தில் எட்டக்கூடிய இடமும் வேறு.

இதற்குப் பதில் சொல்ல வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி விளம்பரங்களில் ஓட்டப் பந்தயக் கார்பன் கால்தான் இருக்கும். அன்றாட வேலை அதில் தெரியாது. முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட ஒருவருக்குச் சாக்கெட் செய்வதை எடுத்துக்கொள்வோம். எஞ்சிய காலில் மெல்லிய பின்னல் உறையை மாட்டி, அதன்மேல் அழியா மைப் பென்சிலால் குறிகள் போட வேண்டும்: முழங்கால் சில்லுக்குக் கீழேயுள்ள தசைநாண், வெளிப்பக்கம் துருத்தும் சிற்றெலும்பின் தலை, முன்னெலும்பின் கூரான விளிம்பு, எலும்பு முடியும் நுனி. பிறகு ஈரமான பிளாஸ்டர் கட்டைச் சுற்றி, அது இறுகுகிற ஓரிரு நிமிடங்களுக்குள் இரண்டு கட்டைவிரல்களாலும் தசைநாணின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பென்சில் குறிகள் அச்சின் உட்புறம் பதிந்து, அதற்குள் ஊற்றும் பிளாஸ்டர் உருவத்துக்கும் வந்து சேரும்.

அந்த உருவத்தை அப்படியே பிரதி எடுத்துச் சாக்கெட் செய்தால் யாராலும் நடக்க முடியாது. எடையைத் தாங்கக்கூடிய இடங்களில் அரத்தால் சீவிக் குறைக்க வேண்டும். தாங்காத இடங்களில், அதாவது சிற்றெலும்பின் தலை, முன்விளிம்பு, நுனி ஆகியவற்றில் பிளாஸ்டரைக் கூட்டி இடம்விட வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பது சில மில்லிமீட்டர் விவகாரம். 1950-களின் இறுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது. அதன்பின் சிலிகோன் லைனர் (உள்ளுறை), வெற்றிட உறிஞ்சல், எடையை முழுப் பரப்பிலும் பரப்பும் சாக்கெட் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் எங்கே அழுத்தலாம், எங்கே தொடக்கூடாது என்ற பாடம் பல கல்லூரிகளில் இன்னும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பிறகு பொருத்தல். போட்டுப் பார்த்து, நடக்க வைத்து, கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். எடை விழ வேண்டிய இடத்தில் சிவந்து, சில நிமிடத்தில் மறைந்தால் சரி. அரை மணி நேரம் கழித்தும் எலும்பு முனையில் சிவப்பு நின்றால் ஆளை அனுப்பக்கூடாது, திருத்த வேண்டும். காலையில் சரியாக இருந்தது மாலையில் தளரும், ஏனென்றால் எஞ்சிய காலின் பருமன் நாளுக்குள்ளேயே மாறும். உறை ஒன்று கூட்டிப் போடச் சொல்ல வேண்டும். எத்தனை உறை, எப்போது என்று அவருக்கே புரிய வைக்க வேண்டும். அளவு எடுத்தவரே திருத்தி, அவரே பொருத்தி, அவரே அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதுதான் முதலில் எங்கே பிசகியது என்று புரியும். ஒரு படிப்பு இந்தச் சுற்றை மாணவருக்கு எத்தனை முறை முழுதாகக் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் நான் கல்லூரிகளை எடைபோடுவேன். கட்டடம், பெயர், தரவரிசை எல்லாம் அதற்கு அப்புறம்.

பட்டப்படிப்பில் இந்தச் சுற்று முழுமையாக இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். உடற்கூறியல், உயிர் இயக்கவியல், பொருளறிவியல், நோயியல், நடை ஆய்வு ஆகியவற்றோடு பட்டறை வேலையும் உண்டு. முடிக்கும்போது ஒருவரைத் தனியாகப் பரிசோதித்து, என்ன கருவி வேண்டும் என்று தீர்மானித்து, செய்து, பொருத்தி, பின்தொடரும் தகுதி இருக்க வேண்டும். 1970-இல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்ட ஐ.எஸ்.பி.ஓ. என்ற பன்னாட்டுச் சங்கம் இந்தத் துறையின் படிப்புகளை நெடுங்காலமாக மூன்று வகையாகப் பிரித்து வைத்திருந்தது. 2018-இல் அந்த வகைகளுக்குத் தொழிற்பெயர்களே வந்துவிட்டன. முதல் வகை முழுத் தகுதி பெற்ற நிபுணர், இரண்டாவது இணை நிபுணர், மூன்றாவது தொழில்நுட்பர். பட்டம் பெறுபவர் முதல் வகை, டிப்ளமா பெறுபவர் இரண்டாவது வகை. ஒரு கல்லூரியின் படிப்புக்கு ஐ.எஸ்.பி.ஓ. அங்கீகாரம் இருந்தால் பாடத்திட்டத்தையும் மருத்துவப் பயிற்சியையும் வெளியாட்கள் வந்து பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். அங்கீகாரம் இல்லாத நல்ல கல்லூரிகளும் இருக்கின்றன. ஆனால் ஒன்றை முழுதாக நம்பிச் சேர்வதற்கு முன் இரண்டு மடங்கு விசாரிக்க வேண்டியிருக்கும்.

பட்டப்படிப்பின் குறை எங்கே வருகிறது என்றால், பாடம் கூடக்கூடக் கைவேலை நேரம் சுருங்குகிறது. சில இடங்களில் மாணவர்கள் ஒருவர் காலில் ஒருவர் அச்சு எடுத்தே முக்கால்வாசிப் பயிற்சியை முடித்துவிடுகிறார்கள். ஆரோக்கியமான காலுக்குச் செய்த பிரேஸ் எப்படிச் செய்தாலும் பொருந்தும். விறைப்பு உள்ள கால், உணர்ச்சி இழந்த பாதம், தழும்பு ஒட்டிய எஞ்சிய கால் என்று எதையும் தொடாமல் நான்காம் ஆண்டுக்கு வந்துவிட்ட மாணவருக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் படிப்பே தொடங்கும். அந்தப் படிப்புக்கு விலை கொடுப்பவர் நோயாளி.

மூன்றாண்டு டிப்ளமாவைப் பலரும் ‘மார்க் குறைந்தவர்களுக்கு’ என்று ஓரங்கட்டுகிறார்கள். அது நியாயமில்லை. நிபுணர்களே இல்லாத நாடுகளில் சேவையை நிலைநிறுத்தி நடத்தியவர்கள் பெரும்பாலும் இந்த வகையில் படித்தவர்கள்தான். தான்சானியாவின் மோஷியில் 1981-இல் தொடங்கிய டாட்காட் பயிற்சி மையமும், கம்போடியாவின் நோம்பென்னில் 1994-இல் தொடங்கிய பள்ளியும் இந்த மட்டத்தில் ஆட்களைத் தயார்செய்து, பிறகு பட்டப்படிப்பு வரை வளர்ந்தன. போரும் கண்ணிவெடியும் கால்களைப் பறித்துக்கொண்டிருந்த இடத்தில் நான்கு ஆண்டு பட்டம், ஆராய்ச்சி என்று காத்திருக்க யாருக்கும் நேரமில்லை. வழக்கமான செயற்கைக் கால், கணுக்கால் பிரேஸ், முழுக்கால் காலிபர் எல்லாம் இந்த மட்டத்தில் நன்றாகவே கற்றுத்தரப்படும். பட்டறை நேரம் பட்டப்படிப்பைவிட அதிகமாகக் கிடைப்பதும் உண்டு.

எல்லை எங்கே என்றால், சிக்கலான கேஸ்களில். இடுப்போடு எடுக்கப்பட்ட கால், வேகமாக வளரும் குழந்தையின் முதுகு வளைவு, மின்கை போன்றவற்றில் இணை நிபுணர் இன்னொருவரின் வழிகாட்டலில் வேலை செய்வதுதான் முறை. சில நாடுகளில் தனியாகப் பதிவுசெய்துகொள்ளவும் முடியாது. ஆகவே டிப்ளமா எடுப்பவர் பார்க்க வேண்டிய முக்கியமான விஷயம் மேலே ஏற ஏணி இருக்கிறதா என்பது. டிப்ளமா முடித்தவரைப் பட்டப்படிப்பின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால், வேலை பார்த்துக்கொண்டே ஏறிவிடலாம். இல்லையென்றால் பத்து ஆண்டு அனுபவத்துக்கு அப்புறமும் புதிதாக வந்த பட்டதாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிவரும். இந்த மனக்கசப்பை நிறையவே பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்பர் வழி கைவேலைப் பைத்தியங்களுக்கு. பாலிபுரொப்பிலீன் தகடு அடுப்பில் வெண்மை போய்க் கண்ணாடிபோல் தெளிகிற கணத்தில் அதை எடுத்துப் பிளாஸ்டர் உருவத்தின்மேல் போர்த்தி, வெற்றிடத்தைத் திறந்து, ஓரத்தை ஒட்டி முடிக்கக் கிடைப்பது சில நொடிகள். தாமதித்தால் மடிப்பு விழும், இழுத்தால் ஒரு பக்கம் மெலியும், மெலிந்த இடத்தில் ஆறு மாதத்தில் விரிசல் விடும். ரெசினும் நாரும் கொண்டு லாமினேஷன் செய்வது, மூட்டுகளை நேர்கோட்டில் பொருத்துவது, விளிம்பைத் தேய்த்து மழமழப்பாக்குவது என்று இவை எல்லாம் கையில் ஏறும் வித்தை. நல்ல தொழில்நுட்பர் இல்லாத மையத்தில் எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தும் பயன் இல்லை. ஆனால் இவர் நோயாளியை நேரடியாகப் பார்ப்பது அரிது. வேலைத்தாளில் வரும் அளவையும் குறிப்பையும் வைத்துச் செய்ய வேண்டும்.

இந்த வழிக்கு இரண்டு எச்சரிக்கைகள். அரைக்கும் எந்திரத்தின் தூசு, ரெசின் ஆவி இரண்டும் நுரையீரலுக்கு ஆகாது. பயிற்சி நடக்கும் பட்டறையில் உறிஞ்சு குழாயும் முகமூடியும் பயன்பாட்டில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். இரண்டாவது, அளவைக் கணினியில் அனுப்பித் தொலைவில் உள்ள பெரிய ஆலையில் செய்து வாங்கும் வழக்கம் பெருகிவருகிறது. பிளாஸ்டர் உருவத்தை எந்திரம் செதுக்கிவிடும் இடங்களில் அரம் பிடிக்கும் கைக்கு வேலை குறையும். பொருத்தும் இடத்திலேயே பழுதுபார்ப்பு, திருத்தம் தெரிந்தவர்களுக்கு வேலை குறையாது. ஜெர்மனி இதில் தனி ரகம். அங்கே மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி முடித்தவர், பிறகு மெய்ஸ்டர் என்ற தேர்ச்சிக் கைவினைஞர் தேர்வு எழுதிச் சொந்தப் பட்டறை வைத்து நோயாளியைப் பார்ப்பது மரபு. கைத்தொழிலில் தொடங்கியவர் மருத்துவப் பொறுப்புக்கு ஏறும் பாதை முறையாகவே இருக்கிறது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு பாதை இருந்தால் தொழில்நுட்பர் வழியை நான் தயங்காமல் சொல்வேன். இல்லாத இடத்தில், ‘முதலில் இதைப் படி, அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

நான்காவது வழி, வேறு பட்டத்துக்குப் பின் முதுகலை. அமெரிக்காவில் இதுதான் இப்போது வாசலே. தொடர்புள்ள ஏதேனும் இளநிலைப் பட்டம், அதன்மேல் முதுகலை, அதற்கு மேல் மேற்பார்வையில் பயிற்சிப் பணி. செயற்கை அவயம், தாங்கு கருவி இரண்டையும் சேர்த்து எடுத்தால் அந்தப் பணி மட்டும் வழக்கமாக 18 மாதம். ஆக நிறைய காலமும் பணமும் போகும். பிசியோதெரபி படித்து வருபவருக்கு இதில் பெரிய வசதி உண்டு. நடையைப் பார்த்தவுடன் எந்தத் தசை பலவீனம் என்று சொல்லிவிடுவார், நோயாளியைத் தொட்டுப் பேசிப் பழகியவர். அவருக்கு இல்லாதது பொருளைப் பற்றிய அறிவும் கைப்பழக்கமும். பொறியியல் படித்தவருக்கு நேர்மாறு. விசை, நெம்புகோல், களைப்பு முறிவு எல்லாம் தெரியும். அழுகிற குழந்தையின் காலில் பிளாஸ்டர் சுற்றத் தெரியாது. இது ஓரிரு ஆண்டில் கற்றுக்கொள்ளக்கூடியதே, ஆனால் முதுகலையின் நேரம் குறுகியது.

இங்கே பொறியியல் மாணவர்களிடம் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1997-இல் வந்த சி-லெக் போன்ற, நுண்செயலியால் கட்டுப்படுத்தப்படும் முழங்கால்களையும், தசை மின்னலைகளால் இயங்கும் கைகளையும் கண்டுபிடிப்பதுதான் உங்கள் கனவு என்றால், நீங்கள் தேடுவது உயிர்மருத்துவப் பொறியியலும் ஆய்வகமும். பொருத்தும் படிப்பு அதற்குத் தேவையில்லை. பொருத்துபவர் அந்த முழங்காலை வாங்கி, சரியான உயரத்திலும் கோணத்திலும் வைத்து, அதைப் போட்டுக்கொள்பவர் படி இறங்குகிற வரை சரிசெய்துகொண்டிருப்பார். சாக்கெட் வலித்தால் எவ்வளவு விலை உயர்ந்த முழங்காலும் அலமாரிக்குத்தான் போகும். இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் பிளாஸ்டர் வாளியைப் பார்த்துச் சோர்ந்துபோகிறவர்கள் உண்டு.

அவயமா, தாங்கு கருவியா?

சேர வருகிற எல்லோர் மனத்திலும் செயற்கைக் கால்தான். வேலைக்கு வந்த பிறகு பெரும்பாலான இடங்களில் அதிகம் பார்ப்பது தாங்கு கருவிகளைத்தான்: பக்கவாதத்தில் தொங்கும் பாதம், மூளைமுடக்குவாதம் உள்ள குழந்தையின் கணுக்கால், நீரிழிவுப் புண் ஆறிய பாதத்துக்கான உள்சோல், பிறவியிலேயே வளைந்த பாதம், முதுகு வளைவு. என் கணிப்பில் அறிவுக்கு அதிக வேலை கொடுப்பதும் இவைதான். கணுக்கால் பிரேஸின் விளிம்பைக் கணுவெலும்புக்குப் பின்னால் கொஞ்சம் கூடுதலாக வெட்டினாலே பிரேஸின் விறைப்பு குறைந்துவிடும். முழங்கால் மடங்கத் தொடங்கும். எங்கே வெட்டுவது என்பதே அங்கு சிகிச்சை.

முதுகு பிரேஸ் பற்றி 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பிரேஸ் அணிந்த பதின்வயதினரில் 72 சதவீதம் பேருக்கு, வளர்ச்சி முடியும் வரை வளைவு 50 டிகிரியை எட்டவில்லை. அணியாமல் கண்காணிப்பில் மட்டும் இருந்தவர்களில் அது 48 சதவீதம். பிரேஸுக்குள் வைத்த வெப்ப உணரியை வைத்துப் பார்த்ததில், நாளுக்குச் சராசரியாக 13 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களுக்கு வெற்றி 90 முதல் 93 சதவீதம். ஒரு பதின்மூன்று வயதுப் பெண் அத்தனை மணி நேரம் அதைக் கழற்றாமல் இருக்க வேண்டும் என்றால் அது அக்குளில் குத்தக்கூடாது, உட்காரும்போது தொடையை அழுத்தக்கூடாது, சட்டைக்கு வெளியே துருத்தக்கூடாது. அவளோடு பேசி ஒப்புக்கொள்ள வைக்கவும் வேண்டும். இவ்வளவும் பொருத்துபவர் தலையில்தான்.

சில நாடுகளில் இரண்டையும் தனித்தனியே படித்துத் தனித்தனியே பதிவுசெய்யலாம். தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் இரண்டும் சேர்ந்த படிப்பையே எடுங்கள். தாங்கு கருவி மட்டும் என்றால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். செயற்கை அவயம் மட்டும் என்றால் பெரிய ஊர்களிலும் பெரிய மையங்களிலும்தான் வேலை.

ஸ்கேனரைக் காட்டி மயக்கும் கல்லூரிகள்

முப்பரிமாண ஸ்கேனர், அச்சு எந்திரம், மெய்நிகர் கண்ணாடி ஆகியவற்றின் படத்தைக் காட்டாத கல்லூரி இப்போது இல்லை. அவை வேண்டாதவை அல்ல. குழந்தைகளின் தலைவடிவத்தைத் திருத்தும் தொப்பி, முதுகு பிரேஸ் போன்றவற்றில் ஸ்கேன் நேரத்தையும் சிரமத்தையும் வெகுவாகக் குறைக்கிறது. பழைய அளவைக் கணினியில் வைத்திருந்து அடுத்த ஆண்டு ஒப்பிடலாம். ஆனால் ஸ்கேனர் தோலின் வெளிவடிவத்தை மட்டும்தான் பார்க்கும். அடியில் இருப்பது எலும்பா, தசையா, அழுத்தினால் எவ்வளவு உள்வாங்கும் என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். திரையில் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் குறைப்பது என்று தீர்மானிக்கிறவருக்கு, அதே வேலையைப் பிளாஸ்டரில் செய்து, தவறியதைத் தோலில் பார்த்த பழக்கம் இருந்தாக வேண்டும். எனவே இரண்டும் சொல்லித்தரும் இடம் முதல் தேர்வு. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், என் ஓட்டு பிளாஸ்டர் அறைக்கு. மென்பொருளைப் பிறகு சில மாதத்தில் பழகிக்கொள்ளலாம்.

இணையவழிப் பாடமும் நேரடிப் பயிற்சியும் கலந்த படிப்புகளும் வந்திருக்கின்றன. ஏற்கெனவே மையத்தில் வேலை பார்ப்பவர் தகுதியை உயர்த்திக்கொள்ள இவை நல்லவை. பள்ளி முடித்து நேராக வருபவருக்கு இவற்றை நான் சொல்ல மாட்டேன்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் துறைத்தலைவரிடம் பேசுவதைவிட இறுதியாண்டு மாணவரைப் பிடியுங்கள். இதுவரை எத்தனை பேருக்கு, அளவெடுப்பதில் இருந்து கையில் கொடுப்பது வரை நீங்களே செய்தீர்கள்? அவர்களில் எத்தனை பேர் திருத்தத்துக்குத் திரும்பி வந்தபோது நீங்களே பார்த்தீர்கள்? மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்பாரா, கையெழுத்துக்கு மட்டும் வருவாரா? செயற்கைக் கை ஒன்றாவது செய்தீர்களா? திரும்பி வந்தவர்களைப் பார்த்ததே இல்லை என்று பதில் வந்தால், அந்தக் கல்லூரியில் பொருட்கள் செய்யக் கற்றுத்தருகிறார்கள், பொருத்தக் கற்றுத்தரவில்லை. பட்டறைச் சுவரோரம் வரிசையாக நிற்கும் பிளாஸ்டர் உருவங்களையும் கவனியுங்கள். எல்லாம் ஒரே மாதிரி, ஒரே அளவில் இருந்தால் மாணவர்கள் ஒரே மாதிரிக் காலில்தான் பழகுகிறார்கள்.

பள்ளிப் படிப்பில் அறிவியல் எடுத்து, ஆட்களோடு பழகவும் கையால் வேலை செய்யவும் பிடித்தவர் என்றால் இரண்டு துறையும் சேர்ந்த நான்காண்டுப் பட்டப்படிப்பு. அதில் இடமோ பணமோ கிடைக்காமல், ஆனால் மேலே ஏற வழியுள்ள டிப்ளமா கிடைத்தால் தாராளமாகச் சேரலாம். ஓராண்டு சும்மா காத்திருப்பதைவிட அது மேல். இயந்திரமும் பொருளும்தான் பிடிக்கும், நாள் முழுக்க வலியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பவருக்குத் தொழில்நுட்பர் பயிற்சி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிசியோதெரபி முடித்தவர் முதுகலைக்கு வருவதை ஆதரிப்பேன், ஆனால் சேரும் முன் ஆறு மாதமாவது ஏதேனும் பட்டறையில் உதவியாளாக நின்று பார்த்துவிட்டு.

உலகில் சுமார் 3.5 முதல் 4 கோடிப் பேருக்கு இந்தச் சேவை தேவை என்று 2017-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தரநிலைகள் சொல்கின்றன. படித்தவர்கள் அதற்கு அருகில்கூட இல்லை, ஆகவே வேலை கிடைக்குமா என்ற கவலை பெரிதாக வேண்டாம். எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. பல நாடுகளில் இந்தத் தொழிற்பெயரைப் பதிவுபெற்றவர் மட்டுமே பயன்படுத்த முடியும். ஒரு நாட்டின் பட்டத்தை இன்னொரு நாடு அப்படியே ஏற்பதில்லை. கூடுதல் தேர்வோ பயிற்சிப் பணியோ கேட்கும். வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் அங்குள்ள பதிவு அமைப்பு எந்தப் படிப்புகளை ஏற்கிறது என்ற பட்டியலை முதலில் பார்த்துவிட்டு, பிறகு கட்டணம் கட்டுங்கள். உள்ளூரிலேயே வேலை செய்வதாக இருந்தாலும், உங்கள் கல்லூரியின் கடந்த ஆண்டு மாணவர்கள் பதிவு எண் வாங்கிவிட்டார்களா என்று அவர்களிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.